‘ஓர்த்தடொக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது: மலையகத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலையகத்தில் ‘ஓர்த்தடொக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் இரண்டு வழிகளில் நம் காதுக்கு வருகிறது. ஒன்று தேயிலைத் தொழிற்சாலை. ஓர்த்தடொக்ஸ் தேயிலை, சீ.டீ.சீ. தேயிலை என்று ஸ்டோரில் வேலை செய்யும் எவரும் பிரித்துச் சொல்வார்கள். மற்றது பள்ளிக்கூடம். அங்கே அந்தச் சொல்லுக்கு ‘வைதீகமான’, ‘ஆசாரமான’, ‘பழமைவாதமான’ என்று பொருள் எழுதிக்கொள்கிறோம். இரண்டுமே பிழையில்லை. ஆனால் இந்த இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசப் போனால் பல இடங்களில் சறுக்கும். எல்ல நகருக்குப் போகும் ரயிலில் பக்கத்தில் இருக்கும் பயணியிடம் ‘மை ஃபேமிலி இஸ் ஓர்த்தடொக்ஸ்’ என்று சொன்னால், நீங்கள் ரஷ்ய அல்லது கிரேக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்று அவர் நினைக்கக்கூடும். ‘ஓர்த்தடொக்ஸ் மெடிசின்’ என்று ஒரு கட்டுரையில் வந்தால், அதை நாட்டு வைத்தியம் என்று எடுத்துக்கொள்பவருக்குக் கட்டுரையே தலைகீழாகிவிடும்.

இந்த வழிகாட்டி உயர்தர மாணவர்களுக்கும், ஹோட்டலிலும் சுற்றுலாத் துறையிலும் வேலை செய்பவர்களுக்கும், தொழிற்சாலையைப் பார்க்க வருவோருக்கு விளக்கம் சொல்பவர்களுக்கும் உரியது.

முதலில் அடிப்படை: ‘எவ்வளவு பழையது’ என்று கேட்காதீர்கள்

கிரேக்க மொழியில் ‘ஓர்த்தோஸ்’ என்றால் நேரானது, சரியானது. ‘டொக்ஸா’ என்றால் கருத்து, எண்ணம். இரண்டும் சேர்ந்து ‘சரியான கருத்தை உடைய’ என்ற பொருள் வந்தது. முதலில் சமயத்துக்கே இது உரியதாக இருந்தது. திருச்சபை ஏற்றுக்கொண்ட போதனையைப் பின்பற்றுபவர் ஓர்த்தடொக்ஸ். பின்னர்தான் மருத்துவம், பொருளாதாரம், விளையாட்டு என்று பரவியது.

எங்கே போனாலும் இந்தச் சொல் சுமந்து செல்லும் கரு ஒன்றுதான்: ஒரு துறையில் அதிகாரமோ மதிப்போ உள்ளவர்கள் ‘இதுதான் முறை’ என்று ஏற்றுக்கொண்டது. பழமை இதற்குக் கட்டாயமில்லை. நேற்று வந்த முறையும் இன்று ஓர்த்தடொக்ஸ் ஆகலாம், ஆயிரம் வருடப் பழக்கமும் ஓர்த்தடொக்ஸ் இல்லாமல் போகலாம். ஆகவே வாயைத் திறக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது எந்தத் துறை? அந்தத் துறையில் இதை ஏற்றுக்கொண்டது யார்? இரண்டுக்கும் பதில் இருந்தால் இந்தச் சொல் பொருந்தும். ‘யாரும் இல்லை, எங்கள் தாத்தா காலத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான்’ என்பது பதில் என்றால் உங்களுக்கு வேண்டிய சொல் ‘ட்ரெடிஷனல்’.

உச்சரிப்பும் இலக்கணமும்

அழுத்தம் முதல் அசையில்: ‘ஓர்’. நடு அசை மிக மெலிதாக, ‘த’ என்று பாதி விழுங்கியதுபோல் வரும். அந்த ‘த’ தமிழ்த் தகரம் இல்லை. நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்துக் காற்றை மட்டும் விடுங்கள். ‘தேங்க்ஸ்’ என்ற சொல்லின் முதல் ஒலி அதுதான். பிரித்தானிய உச்சரிப்பில் ‘ர்’ காதில் விழாது, ‘ஓ’ நீளும். ‘அன்ஓர்த்தடொக்ஸ்’ என்று சேர்த்தாலும் அழுத்தம் ‘ஓர்’ மேலேயே நிற்கும். ‘அன்’ மேல் ஏற்றவேண்டாம்.

எழுதும்போது அதிகம் வரும் பிழை, முன்னால் வரும் ‘ஏ’, ‘என்’ சம்பந்தப்பட்டது. ‘ஏ யுனிவர்சிட்டி’ என்று படித்த பழக்கத்தில் ‘ஏ அன்ஓர்த்தடொக்ஸ் மெதட்’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு சொற்களும் ஆங்கிலத்தில் ‘யூ’ எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு. ‘யுனிவர்சிட்டி’ யகர ஒலியில் தொடங்குகிறது, ‘அன்ஓர்த்தடொக்ஸ்’ உயிரொலியில் தொடங்குகிறது. ஆகவே ‘என் அன்ஓர்த்தடொக்ஸ் மெதட்’, ‘என் ஓர்த்தடொக்ஸ் வியூ’ என்பதே சரி.

பெயர்ச்சொல் ‘ஓர்த்தடொக்ஸி’. ஒரு துறையில் எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட கருத்துக்கு இது பெயர். ‘செலஞ்ச் த ஓர்த்தடொக்ஸி’ என்றால் அந்தக் கருத்தைக் கேள்விக்கு உட்படுத்துவது. வினையுரிச்சொல்லை அகராதியில் காணலாம், ஆனால் ஆங்கிலேயர் வாயில் அது அனேகமாக வருவதில்லை. ‘இன் என் ஓர்த்தடொக்ஸ் வே’ என்று சுற்றிச் சொல்லுங்கள்.

‘ஓர்த்தோ’ என்று தொடங்குவதால் ‘ஓர்த்தடொன்டிஸ்ட்’, ‘ஓர்த்தபீடிக்’ ஆகியவற்றோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. முதலாவது பல்வரிசையை நேராக்கும் வைத்தியர், இரண்டாவது எலும்பு, மூட்டுச் சிகிச்சை சார்ந்தது. மூன்றிலும் பொதுவாக இருப்பது ‘நேரான’ என்ற அந்தக் கிரேக்க வேர் மட்டுமே.

தேயிலை: நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து

இலங்கையில் வணிகரீதியான தேயிலைப் பயிர்ச்செய்கை 1867இல், கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லரோடு தொடங்கியது. அந்தக் காலத்தில் யாரும் ‘ஓர்த்தடொக்ஸ் தேயிலை’ என்று சொல்லத் தேவையே இருக்கவில்லை. கொழுந்தை வாட்டி, உருட்டி, காயவைப்பதுதான் தேயிலை. 1930களில் அசாமில் சீ.டீ.சீ. இயந்திரம் வந்தது. பல் வெட்டிய இரண்டு உருளைகள் வேறுவேறு வேகத்தில் எதிர்த்திசையில் சுழன்று, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும். அது வந்த பிறகுதான் பழைய முறையைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. இந்தச் சொல்லின் போக்கே இப்படித்தான்: வேறொரு வழி எதிரே வந்து நிற்கும்போதுதான் ஏற்கெனவே இருந்த வழிக்கு ‘ஓர்த்தடொக்ஸ்’ என்ற பட்டம் கிடைக்கிறது.

தொழிற்சாலைக்கு வரும் வெளிநாட்டவரிடம் ‘ஓர்த்தடொக்ஸ் டீ மீன்ஸ் ட்ரெடிஷனல் ஹேன்ட்மேட் டீ’ என்று சொல்வது பரவலான தவறு. கையால் பறிப்பது உண்மை, கையால் செய்வது உண்மையில்லை. ரோலர் மின்சாரத்தில் ஓடுவதை அவர் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருப்பார். சொல்ல வேண்டியது முறையை.

கொழுந்து முதலில் வாட்டுத் தொட்டியில் 12 முதல் 18 மணித்தியாலம் வரை கிடக்கும். நாலில் மூன்று பங்குக்கு மேல் இருக்கும் ஈரம் சுமார் 55 வீதத்துக்கு இறங்கும். பிறகு ரோலரில் இலை முறுக்கப்பட்டு, சாறு வெளியே வந்து இலைமேல் படியும். அடுத்துப் பரப்பி வைக்கும்போது காற்றுப்பட்டு நிறம் செம்பு போல் மாறும். ஸ்டோரில் இதை ‘ஃபெர்மென்டேஷன்’ என்கிறோம்; விஞ்ஞானப்படி இது ஒட்சியேற்றம். பிறகு சூடான காற்றில் காயவைத்து ஈரத்தை 3 வீதமளவுக்குக் கொண்டுவந்து, சலித்து, ஓ.பீ., பீ.ஓ.பீ., பீ.ஓ.பீ.எஃப்., டஸ்ட் என்று தரம் பிரிப்பார்கள்.

இதையே ஆங்கிலத்தில் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: ‘வீ மேக் ஓர்த்தடொக்ஸ் ப்ளெக் டீ ஹியர். த லீவ்ஸ் ஆர் விதர்ட், ரோல்ட், ஃபெர்மென்டட், ட்ரைட் என்ட் கிரேடட். வீ டோன்ட் கட் தெம் இன்டு க்ரனியூல்ஸ், லைக் சீ.டீ.சீ. டீ.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எதற்கு எதிராக இது ஓர்த்தடொக்ஸ் என்று சொன்னால்தான் வந்தவருக்குச் சொல்லின் பொருள் விளங்கும்.

ஓர்த்தடொக்ஸ் என்றால் தரம் கூடியது என்றும் சொல்லாதீர்கள். அது செய்முறையின் பெயர், தரச் சான்றிதழ் இல்லை. நல்ல ஓர்த்தடொக்ஸும் உண்டு, மட்டமான ஓர்த்தடொக்ஸும் உண்டு. வேகமாகச் சாயம் இறங்கவும் பாலோடு குடிக்கவும் சீ.டீ.சீ.யை விரும்புபவர்கள் ஏராளம்.

மருத்துவம்: நேர் எதிராகப் புரியும் இடம்

ஆங்கிலத்தில் ‘ஓர்த்தடொக்ஸ் மெடிசின்’ என்றால் ஆஸ்பத்திரியில் நடக்கும் மேற்கத்திய வைத்தியம். ஆயுர்வேதம், சித்தம், நாட்டு வைத்தியம் எல்லாம் ‘ட்ரெடிஷனல் மெடிசின்’ அல்லது ‘இன்டிஜினஸ் மெடிசின்’. வயதைப் பார்த்தால் ஆயுர்வேதம் எவ்வளவோ மூத்தது. ஆனால் மேற்கத்திய மருத்துவக் கல்வி தன் வட்டத்துக்குள் ஏற்றுக்கொண்ட முறைக்கே ஆங்கிலம் இந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டது. அது நியாயமா என்பது வேறு விவாதம். வாசிக்கும்போது பொருள் தவறக்கூடாது.

முறிவு வைத்தியரிடம் காட்டிவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லுங்கள்: ‘ஹீ ட்ரைட் ட்ரெடிஷனல் ட்ரீட்மென்ட் ஃபர்ஸ்ட் என்ட் தென் வென்ட் டு த ஹொஸ்பிட்டல்.’ பேச்சில் ‘ஓர்த்தடொக்ஸ் ட்ரீட்மென்ட்’ தேவைப்படுவது குறைவு. எழுத்தில், இரண்டு முறைகளை ஒப்பிடும்போதுதான் அது இயல்பாக இருக்கும்.

சமயம்: பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா

இங்கே ஆங்கில எழுத்து முறை உதவுகிறது. பெரிய எழுத்தில் தொடங்கினால் அது ஒரு சமூகத்தின் பெயர். சின்ன எழுத்தில் இருந்தால் சாதாரண அடைமொழி.

பெரிய எழுத்துக்கு முதல் உதாரணம் கிழக்கத்தியத் திருச்சபைகள்: கிரேக்கம், ரஷ்யா, சேர்பியா முதலியன. உரோமும் கொன்ஸ்தாந்திநோபிளும் பிரிந்ததற்கு வழமையாகச் சொல்லப்படும் ஆண்டு 1054. அதற்கும் முன், 451ஆம் ஆண்டில் கல்செதோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் முடிவை ஏற்காமல் விலகிய கொப்திய, ஆர்மேனிய, எத்தியோப்பிய, சிரியத் திருச்சபைகளும் இதே பெயரைத் தாங்குகின்றன. கேரளத்துச் சிரியன் ஓர்த்தடொக்ஸ் மக்கள் இந்த இரண்டாவது மரபைச் சேர்ந்தவர்கள். நுவரெலியாவிலோ எல்ல நகரிலோ ஹோட்டலில் வேலை செய்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: ரஷ்யத் திருச்சபை நத்தாரை ஜனவரி 7இல் கொண்டாடுகிறது. அவர்களுடைய ஈஸ்டர் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றிக் கணிக்கப்படுவதால் பெரும்பாலும் மேற்கத்திய ஈஸ்டருக்குப் பிந்தியே வரும். சில வருடங்களில், 2025 ஏப்ரல் 20 போல, இரண்டும் ஒரே நாளில் விழும். டிசம்பர் 25இல் ரஷ்ய விருந்தினர் ஒருவர் வாழ்த்தை அவ்வளவு உற்சாகமாக ஏற்கவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

இரண்டாவது, யூதர்களில் ஓர்த்தடொக்ஸ் பிரிவினர். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவது தொடங்கிச் சனி இரவுவரை அவர்கள் வாகனத்தில் பயணம் செய்வதில்லை, மின் ஆளியைத் தொடுவதில்லை. ‘கோஷர்’ விதிப்படியான உணவே சாப்பிடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் விருந்தினரிடம் ‘ஆர் யூ ஓர்த்தடொக்ஸ்?’ என்று முகத்துக்கு நேரே கேட்கவேண்டாம். ‘டூ யூ ஹேவ் எனி டயட்டரி ரிக்வயர்மென்ட்ஸ்?’ என்று கேட்டால் போதும். சொல்ல வேண்டியதை அவர்களே சொல்வார்கள்.

சின்ன எழுத்துக்கு வருவோம். கோவிலுக்குத் தவறாமல் போகிறவர், மாதா மேல் பக்தி உள்ளவர், நோன்பு விடாதவர் ஆகியோரை நாம் ‘ஓர்த்தடொக்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். பக்தியைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘டிவவுட்’ இருக்கிறது: ‘ஷீ இஸ் ஏ டிவவுட் ஹிந்து’, ‘ஹீ இஸ் ஏ டிவவுட் கெத்தலிக்’. கத்தோலிக்கரை ஓர்த்தடொக்ஸ் என்று சொன்னால் கேட்பவர் வேறு திருச்சபையை நினைத்துக் குழம்புவார்.

இந்துத் தத்துவப் பாடநூல்களில் இந்தச் சொல் மிகத் துல்லியமாக நிற்கும் ஓர் இடம் உண்டு. வேதத்தின் அதிகாரத்தை ஏற்கும் நியாயம், வைசேடிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம் ஆகிய ஆறும் ‘ஓர்த்தடொக்ஸ் ஸ்கூல்ஸ்’. ஏற்காத பௌத்தம், சமணம், சார்வாகம் ‘ஹெட்டரடொக்ஸ்’. சாங்கியத்துக்கு உலகைப் படைத்த இறைவன் ஒருவன் தேவையில்லை. ஆனாலும் வேதத்தை ஏற்பதால் அது முதல் வரிசையில் இருக்கிறது. யார் எந்த அதிகாரத்தை ஏற்கிறார்கள் என்பதே அளவுகோல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அதேநேரம் ‘ஹெட்டரடொக்ஸ்’ என்பதைப் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பௌத்த நண்பரிடம் உங்கள் சமயம் அப்படிப்பட்டது என்று சொன்னால், வகைப்பாடு என்று அவருக்குத் தெரியாது. பழிப்பு என்றே கேட்கும்.

தோட்டத்து வழிபாடுகளுக்கு எந்தச் சொல்? ஆகம முறைப்படி ஐயர் பூசை செய்யும் கோவில் சடங்கை ‘ஓர்த்தடொக்ஸ் ரிச்சுவல்’ என்று சொல்லலாம். மாடசாமி, முனியாண்டி, தொழிற்சாலையில் கும்பிடும் ரோதை முனி, மாசி மாதத்துக் காமன் கூத்து எல்லாம் தோட்ட மக்களே பேணி வளர்த்தவை. அவற்றை ‘ஓர்த்தடொக்ஸ்’ என்பதும் பொருந்தாது, ‘அன்ஓர்த்தடொக்ஸ்’ என்று சொல்லித் தாழ்த்தவும் கூடாது. ‘திஸ் இஸ் ஏ ஃபோக் ட்ரெடிஷன் ஒஃப் த எஸ்டேட் கொமியூனிட்டி’ என்று பெருமையோடு சொல்லுங்கள்.

‘எங்கள் வீட்டில் கொஞ்சம் கட்டுப்பாடு’ என்று சொல்வதற்கு

‘ஓர்த்தடொக்ஸ் ஃபேமிலி’ தென்னாசிய ஆங்கிலத்தில் பழகிய தொடர். திருமண விளம்பரத்தில் எல்லோருக்கும் விளங்கும். லண்டனிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்தவரிடம் அது வேலை செய்யாது. நீங்கள் உண்மையில் சொல்ல வருவது என்ன என்று பிரித்துப் பாருங்கள்.

சம்பிரதாயம் பார்க்கிறவர்கள் என்றால் ‘மை பேரன்ட்ஸ் ஆர் குவைட் ட்ரெடிஷனல்’. மாற்றத்தை விரும்பாதவர்கள் என்றால் ‘கன்சர்வேட்டிவ்’. இரவு 7 மணிக்குமேல் வெளியே விடமாட்டார்கள் என்றால் ‘ஸ்ட்ரிக்ட்’. சமய ஈடுபாடு என்றால் ‘ரிலீஜியஸ்’. காலத்துக்கு ஒவ்வாத எண்ணம் என்றால் ‘ஓல்ட் ஃபெஷன்ட்’. இதில் சிறிது குறை சொல்லும் தொனி உண்டு, அன்போடு சொன்னால் மன்னிக்கப்படும். தனித்துவம் இல்லாமல் எல்லோரும் போகும் வழியில் போவது ‘கன்வென்ஷனல்’. இத்தனையையும் ஒரே ‘ஓர்த்தடொக்ஸ்’ மேல் ஏற்றினால், நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்பவர் ஊகிக்க வேண்டிவரும்.

அன்றாடப் பேச்சில் எதிர்ச்சொல்லே அதிகம்

ஆங்கிலேயர் பேச்சில் ‘ஓர்த்தடொக்ஸ்’ஸைவிட ‘அன்ஓர்த்தடொக்ஸ்’ இயல்பாக வரும். எல்லோரும் செய்வதைச் செய்கிறவரைக் குறிப்பிட்டுச் சொல்ல அவசியமில்லை. வேறுவிதமாகச் செய்கிறவரைத்தான் சொல்லத் தோன்றும். பின்னால் ‘பட்’ போட்டு முடிப்பது வழக்கம்: ‘ஹெர் டீச்சிங் மெதட்ஸ் ஆர் அன்ஓர்த்தடொக்ஸ், பட் தே வேர்க்.’ இது பாராட்டு. ‘தட்ஸ் ஏ பிட் அன்ஓர்த்தடொக்ஸ்’ என்று மேலதிகாரி மெதுவாகச் சொன்னால் அது பெரும்பாலும் மறுப்பு. ‘ஏ பிட்’ என்பதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம். நேர்முகத் தேர்வில் உங்களைப் பற்றி நீங்களே ‘ஐ யூஸ் அன்ஓர்த்தடொக்ஸ் மெதட்ஸ்’ என்று சொல்லாதீர்கள். ‘ஐ லைக் டு ட்ரை நியூ அப்ரோச்சஸ்’ என்பது பாதுகாப்பானது.

செய்திகளில் இதைப் பொருளாதாரப் பக்கத்தில் பார்ப்பீர்கள். விலைவாசி ஏறும்போது வட்டியை உயர்த்துவது ‘ஓர்த்தடொக்ஸ் பொலிசி’. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது அந்த வகை. 2021இல் துருக்கி பணவீக்கம் ஏறிக்கொண்டிருந்தபோதே வட்டியைக் குறைத்தது. அதை உலகப் பத்திரிகைகள் ‘அன்ஓர்த்தடொக்ஸ்’ என்று எழுதின.

கிரிக்கெட்: ஒரே ஆட்டத்தில் இரண்டும்

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 2016 ஜூலை பல்லேகலை டெஸ்ட் நல்ல பாடம். ரங்கன ஹேரத் ‘ஸ்லோ லெஃப்ட் ஆர்ம் ஓர்த்தடொக்ஸ்’: இடது கை, விரலால் சுழற்றுவது, வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்குப் பந்து வெளிப்பக்கம் திரும்பும். அன்று அறிமுகமான லக்ஷான் சந்தகன் இடது கையால் மணிக்கட்டைச் சுழற்றி வீசுபவர். பந்து உள்ளே திரும்பும், அது ‘அன்ஓர்த்தடொக்ஸ்’. ஹேரத் 9, சந்தகன் 7 என்று அவுஸ்திரேலியாவின் 20 விக்கெட்டுகளில் 16 இவர்கள் இருவருக்கே விழுந்தன. இந்த இரண்டாவது வகைக்கு முன்பு இருந்த பழைய பெயர் ஓர் இனத்தைக் குறிப்பதால் இப்போது தவிர்க்கப்படுகிறது. ‘லெஃப்ட் ஆர்ம் ரிஸ்ட் ஸ்பின்’ என்றே சொல்லுங்கள்.

கண்டியின் முரளிதரன் ஓஃப் ஸ்பின்னை மணிக்கட்டால் வீசியதும், மாலிங்கவின் கைவீச்சும் ‘அன்ஓர்த்தடொக்ஸ் எக்ஷன்’. வழமைக்கு மாறானது என்பதே பொருள். விதிமீறல் என்றால் ‘இல்லீகல்’ என்று தனிச்சொல் உண்டு. இரண்டையும் கலந்து பேசி வீண் சண்டைக்குப் போகவேண்டாம். குத்துச்சண்டையில் இடது காலை முன்வைத்து நிற்பது ஓர்த்தடொக்ஸ் நிலை, வலது காலை முன்வைப்பது ‘சௌத்போ’.

திருத்திப் பாருங்கள்

கீழே வருபவை மாணவர் கட்டுரைகளில் வழமையாகக் காணப்படும் வகைப் பிழைகள். திருத்தத்தைப் பார்க்குமுன் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

‘வீ வேர் ஓர்த்தடொக்ஸ் ட்ரெஸ் ஃபோர் தைப்பொங்கல்.’ உடைக்கு இந்தச் சொல் வராது. ‘ட்ரெடிஷனல் ட்ரெஸ்’ அல்லது ‘ட்ரெடிஷனல் க்ளோத்ஸ்’.

‘மை க்ரேன்ட்மதர் யூசஸ் ஓர்த்தடொக்ஸ் மெடிசின் லைக் கொத்தமல்லி.’ பாட்டி வைத்தியம் ‘ஹோம் ரெமடி’. இங்கே ‘ஓர்த்தடொக்ஸ்’ எதிர்ப்பொருள் தரும்.

‘இட் இஸ் ஓர்த்தடொக்ஸ் டு சைன் த ரெஜிஸ்டர்.’ அலுவலக நடைமுறைக்கு ‘இட் இஸ் ஸ்டேன்டர்ட் ப்ரெக்டிஸ்’.

‘ஹிஸ் ஐடியாஸ் ஆர் வெரி ஓர்த்தடொக்ஸ்.’ இது பிழையில்லை, ஆனால் முழுமையும் இல்லை. எந்தத் துறையில் என்று சேர்த்தால் வாக்கியம் நிற்கும்: ‘ஹிஸ் ஐடியாஸ் ஒன் எடியுகேஷன் ஆர் ஃபெயர்லி ஓர்த்தடொக்ஸ்.’